கடற்கரை ஊரில் புத்தகம் பிரிந்து போகாமலிருக்க எந்தப் பசை?

கீழக்கரைத் தம்பி:
எங்கள் ஊர் வரலாற்றை உறவினர்கள் சேர்ந்து புத்தகமாகப் போட்டோம். டெமி 1/8 அளவு, 320 பக்கம், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், 300 பிரதி, பெர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது தைக்காமல் முதுகைப் பசையால் ஒட்டுவது. இரண்டு கோடை தாண்டவில்லை. நடுப்பக்கத்தை விரித்தால் படக்கென்று முதுகு உடைந்து தாள் தாளாகக் கையோடு வருகிறது. மிச்சப் பிரதிகள் கடலுக்கு நாலு தெரு தள்ளி, தகரக் கூரை அறையில்தான் கிடந்தன. மறுபதிப்பு வருகிறது. எந்தப் பசை போடச் சொல்வது?

பிரஸ்காரன்:
உங்களுக்குப் போட்டது ஈ.வி.ஏ. ஹாட்மெல்ட் என்ற, சூட்டில் உருகும் பசை. 160 முதல் 180 டிகிரியில் உருக்கி முதுகில் தடவினால் சில நொடியில் இறுகிவிடும், மலிவு. ஆனால் சூட்டில் உருகுவது சூட்டில் இளகத்தானே செய்யும்? வயதானால் விறைத்து வெடிக்கும். மறுபதிப்புக்கு பி.யூ.ஆர். (பாலியூரித்தேன் பசை) கேளுங்கள். அது ஒரு தடவை இறுகினால் மறுபடி உருகாது. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! பசைப்படலம் மெல்லியது என்பதால் புத்தகமும் நன்றாக விரியும். மாவட்டத்துக்குள் மெஷின் கிடைக்காவிட்டால் சிவகாசியில் விசாரியுங்கள்.

ஊசிநூல் (தேவிபட்டினம்):
தம்பி, பசையை நம்பிப் புத்தகம் போட்டால் இப்படித்தான். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் என்ன செய்கிறார்கள்? மடித்த பாரத்தின் (பல பக்கங்களை ஒரே தாளில் அச்சடித்து மடித்த கட்டு) முதுகைச் சீவித் தனித்தனித் தாளாக்கிவிட்டு, ஒவ்வொரு தாளின் விளிம்பையும் பசை பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். பாரமாகவே விட்டு நூலில் தைத்தால் தாளைப் பிடிப்பது நூல். அப்புறம் முதுகில் வெள்ளைப் பசை மெல்லிசாக இரண்டு கை, மேலே காடாத் துணி, ராத்திரி முழுக்கக் கனம் ஏற்றி வைப்பேன். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் இரண்டு ராத்திரி.

பிரஸ்காரன்:
அண்ணே, 16 பக்கப் பாரம் என்றால் புத்தகத்துக்கு 20 பாரம். 300 பிரதிக்கு 6,000 பாரம். யார் தைப்பது?

ஊசிநூல்:
ஒரு புத்தகத்துக்கு எனக்கு அரை மணி நேரம்.

பிரஸ்காரன்:
அப்படியானால் 150 மணி நேரம். கூலியையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி கேட்கட்டும். இன்னொன்று, பழைய ஆட்கள் அட்டை ஒட்ட மைதாப் பசை காய்ச்சுவீர்களே, அது ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

ஊசிநூல்:
பூச்சிக்கு நஞ்சான துத்தம் போடாமல் காய்ச்சினால் விருந்துதான். போட்டுக் காய்ச்சத் தெரியாதவனைப் பற்றிப் பேசுகிறீர்கள். கூலி மெஷின் வேலையை விட அதிகம்தான், மறைக்கவில்லை.

மண்டபம் டீச்சர்:
நான் பள்ளி நூலகத்தைப் பார்க்கிறேன், ஒட்டுப் போடுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஊசிநூல் ஐயா தைப்பதுபோல் தைத்த புத்தகம் பிரிந்தால் நூலை அறுத்து மறுபடி தைக்கலாம். பி.யூ.ஆர். போட்டதைப் பிரிக்க முதுகையே வெட்ட வேண்டும், உள் ஓரம் அரை விரல் போய்விடும். மூன்று தலைமுறை வைத்திருக்க நினைத்தால் பிரிக்க முடிகிற பசைதான் நல்லது. மைதாப் பசை ஈரத் துணிக்கு விட்டுக்கொடுக்கும், வெள்ளைப் பசை காய்ந்த பிறகு அவ்வளவு எளிதில் விடாது.

பாம்பன் காற்று:
கூறல் மீன் நெட்டியில் (வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பை) பசை காய்ச்சினால் என்ன?

மண்டபம் டீச்சர்:
மீன் பசை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆனால் ஈரம் பட்டால் இளகும், பாம்பனில் அதை வைத்து என்ன செய்வது! நெட்டி விற்கிற விலைக்கு நாலு புத்தகம் அச்சடித்துவிடலாம்.

பிரஸ்காரன்:
சரி, தம்பிக்கு ஒரு கேள்வி. பழைய பிரதியில் காகிதத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது? ஈரம் ஏறினால் தாள் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். இழை முதுகோடு சேர்ந்து மேலிருந்து கீழாக ஓடினால் முதுகுக்கு வலி இல்லை. குறுக்கே ஓடினால் மழைக்கு நீண்டு, வெயிலுக்குச் சுருங்கி, தாள் பசையை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி வெற்றுத் தாளில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, முதுகுப் பக்கத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு முகத்தை மட்டும் நனையுங்கள். குழல் மாதிரி சுருளும். குழல் நீண்டு கிடக்கும் திசைதான் இழை.

கீழக்கரைத் தம்பி:
செய்து பார்த்தேன். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தடவிய மறுகணமே சுருண்டது. பென்சில் கோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது குழல்.

ஊசிநூல்:
பார்த்தாயா, தாளே தப்பு. அதற்காகப் பசை யோக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிரஸ்காரன்:
நானும் சொல்லவில்லை. இந்தத் தாளிலும் பி.யூ.ஆர். போட்டிருந்தால் தாள் கழன்றிருக்காது, முதுகு மட்டும் அலை அலையாக நின்றிருக்கும். தாள் வாங்கும்போதே இழை பார்த்து வாங்குங்கள்.

கீழக்கரைத் தம்பி:
அண்ணே, ஞாயிற்றுக்கிழமை தேவிபட்டினம் வருகிறேன். இழை சரியான தாளில் 320 பக்கத்துக்கு ஒரு டம்மி (அச்சில்லாத மாதிரிப் புத்தகம்) தைத்துத் தாருங்கள். பிரஸ்காரரே, நீங்களும் அதே தாளில் ஒன்று ஒட்டிக் கொடுங்கள். இரண்டையும் அதே தகர அறையில் சித்திரை, வைகாசி முழுக்கப் போட்டு வைக்கிறேன். தினம் ஒரு தடவை விரித்துப் பார்ப்பேன்.

ஊசிநூல்:
வை. அட்டையை மைதாவில்தான் ஒட்டுவேன், பூச்சி வருகிறதா என்றும் பார்த்துச் சொல்.

பிரஸ்காரன்:
என் டம்மி கைக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்க விரிக்காதீர்கள். அதற்குள் இறுகியிருக்காது.