பட்டிப்பூத் தண்ணி குடிக்கலாமோ?

ஒட்டுசுட்டான் பெரியம்மா: பிள்ளையள் இதைப் பாருங்கோ ஆரோ அனுப்பினது. பட்டிப்பூ (நித்தியகல்யாணி) இலையை அவிச்சு விடிய வெறுவயித்தில குடிச்சா கருப்பைக் கழுத்துக் கான்சர் கரைஞ்சிடுமாம். எங்கட முத்தத்திலயே நிறைய நிக்குது

மாங்குளம் சின்னம்மா: ஓமக்கா எனக்கும் வந்தது, ஒரு பிடி அவிச்சு ஆற வச்சிருக்கிறன். வியாழன் தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏத்தப் போகோணும், அதுக்கு முதல் குடிக்கலாமோ

பார்மசி அக்கா: ஐயோ சின்னம்மா குடிக்காதேங்கோ!! ஊத்துங்கோ அதை

பார்மசி அக்கா: பட்டிப்பூவில மருந்து இருக்கிறது உண்மைதான், வின்கிறிஸ்ரின் வின்பிளாஸ்ரின் ரெண்டும் அதில இருந்துதான் எடுத்தது, ஆனா அது ரத்தக் கான்சர் மாதிரியானதுகளுக்குத்தான் கூடக் குடுக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்ரினுக்கு 500 கிலோ மட்டில காய்ஞ்ச இலை வேணும், அதையும் சுத்தமாக்கி ஆளின்ர உயரம் நிறை பாத்து அளந்து நாளத்திலதான் ஏத்துறது. அவிச்ச தண்ணிக்கு என்ன அளவு? ஏற்கனவே மருந்தால வெள்ளணு குறையிற உடம்பு சின்னம்மா

வவுனியா சித்தப்பா: அப்ப மூலிகையே வேண்டாமோ பிள்ளை? பங்கருக்குள்ள இருந்த காலம் பச்சிலை வச்சுத்தானே எத்தினை புண் மாத்தினது

பார்மசி அக்கா: இல்லை சித்தப்பா நான் மூலிகையைக் குறை சொல்லேல்லை. சின்னம்மாக்கு ஏறுற பக்லிராக்செல்லே அமெரிக்காவில நிக்கிற யூ மரத்துப் பட்டையில கண்டுபிடிச்சதுதான். ரொப்போரீக்கான் எண்டு இன்னொண்டு, சீனாவில நிக்கிற ஒரு மரத்தில இருந்த சரக்கை மாத்திச் செய்தது, 2006ல அமெரிக்காவில இதே கான்சருக்கு சிஸ்பிளாற்றின் எண்ட மருந்தோட சேத்துக் குடுக்க விட்டவை. மஞ்சளில இருக்கிற குர்குமினும் லாப்பில தட்டில வளத்த கலங்களில இந்தக் கான்சருக்குக் காரணமான எச்பிவி வைரசின்ர புரதங்களை அடக்கிக் காட்டியிருக்கு, ஆனா சாப்பிட்டா ரத்தத்துக்குள்ள போறது சரியான குறைவு. கறிக்குப் போடுறதைப் போடுங்கோ, கப்சியூலா வாங்கி விழுங்கவேண்டாம்

மாங்குளம் சின்னம்மா: ஊத்திட்டன் பிள்ளை. விரல் நுனியெல்லாம் விறைக்குது, சட்டைப் பொத்தான் பூட்டேலாமக் கிடக்கு, அதுக்கும் கேக்குமெண்டு நினைச்சன்

பார்மசி அக்கா: அது பக்லிராக்செல்லால வாறது, பட்டிப்பூ மருந்தும் அதே விறைப்பைத்தான் குடுக்கும். வியாழன் மருந்து ஏத்த முதல் டொக்டரிட்ட பொத்தான் கதையை அப்பிடியே சொல்லுங்கோ, தேவையெண்டா அளவைக் குறைப்பினம்

பார்மசி அக்கா: பெரியம்மா, மச்சாளுக்கு 35 ஆகிட்டுதெல்லோ, மிட்வைஃபிட்டக் கேட்டு சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, கருப்பைக் கழுத்தைச் சோதிக்கிற பப் ரெஸ்ற்றுக்குக் காசில்லை. பேத்திக்கும் ஆறாம் ஆண்டில பள்ளிக்கூடத்தில எச்பிவி ஊசி போடுவினம், 2017ல இருந்து போடினம், மறிக்காதேங்கோ

ஒட்டுசுட்டான் பெரியம்மா: படிவம் வந்தது, என்னெண்டு தெரியாம தகப்பன் கையெழுத்து வைக்கேல்ல. இண்டைக்கு வைப்பிக்கிறன்

வவுனியா சித்தப்பா: மாங்குளம் மச்சாள், நீங்கள் வியாழன் தனியப் போகவேண்டாம். நான் விடிய யாழ்ப்பாண பஸ்ஸில வாறன், மாங்குளம் சந்தியில நில்லுங்கோ, கிளினிக் கொப்பியை மறக்காதேங்கோ