மின்புலக் கோடுகளின் எண்ணிக்கை இடிக்கிறது, வழி சொல்லுங்கள்

+4, −1 மைக்ரோகூலூம் புள்ளி மின்துகள்கள் இரண்டு, இடைவெளி 30 செ.மீ. இவற்றின் மின்புலக் கோடுகளைப் பைத்தானில் வரைகிறேன். சுழிப்புள்ளி (மொத்தப் புலம் சுழியாகும் இடம்) சரியாகவே வருகிறது: −1-க்கு அப்பால் 30 செ.மீ. தள்ளி. அங்கே இரண்டு புலங்களும் எதிரெதிராக, ஒவ்வொன்றும் 10⁵ நியூட்டன்/கூலூம்.

சிக்கல் கோடுகளில்தான். +4-ஐச் சுற்றி, அச்சிலிருந்து (+4-இலிருந்து −1 நோக்கிய நேர்கோடு) 7.5°-இல் தொடங்கி 15°-க்கு ஒன்றாக 24 கோடுகள் விட்டால், 8 கோடுகள் −1-இல் முடிகின்றன. மின்னூட்ட விகிதப்படி 6 தானே வர வேண்டும்? காரணம் புரிகிறது: அச்சிலிருந்து 60°-க்குள் கிளம்பும் கோடுகளே −1-ஐ அடையும். முப்பரிமாணத்தில் அந்தக் கூம்புக்குள் மொத்தப் பாயத்தில் (பரப்பின் வழியே செல்லும் மின்புல அளவில்) கால் பங்கு; தாளில் 120/360, அதாவது மூன்றில் ஒரு பங்கு. கோணத்துக்குப் பதிலாக அதன் கொசைனைச் சமமாகப் பிரித்தால் கணக்கு நேராகிறது. ஆனால் அச்சருகே கோடுகள் அரிதாகி, படம் பார்க்கச் சகிக்கவில்லை. 12-ஆம் வகுப்புக்கு எதைக் காட்டலாம்?

இன்னொன்று. கோட்டைச் சிறு நேர்த்துண்டுகளாக நீட்டிச் செல்லும் ஆய்லர் முறை, 2 மி.மீ. படி. −1-ஐத் தாண்டிக் குதித்து முன்னும் பின்னும் அலையும் கோடுகளை 5 மி.மீ. ஆரத்தில் நிறுத்திவிட்டேன். 60° கோட்டைத் தனியாக வரைந்தால்தான் தொல்லை: சுழிப்புள்ளியில் முடியாமல், ஒருமுறை −1 பக்கமும், படியை மாற்றினால் வெளிப்பக்கமும் திரும்பிவிடுகிறது. இன்னும் துல்லியமான ருங்கே-குட்டா முறைக்கு மாறினால் போதுமா, அல்லது சுழிப்புள்ளியிலிருந்து பின்னோக்கி வரைவதே மேலா?