டிரைவிங் ரேஞ்ச் வலை: 15 மீட்டர் போதுமா, 30 வேணுமா?

கறிவேப்பிலைத்தொட்டி:
கலிபோர்னியாவுல சின்ன ஊர், பேரு வேண்டாம். எங்க பின்வேலிக்கு அந்தப் பக்கம் நகராட்சியோட கோல்ஃப் டிரைவிங் ரேஞ்ச், அதாவது பந்தைத் தூரமா அடிச்சுப் பழகுற மைதானம். சுத்தி 15 மீட்டர் வலை இருக்கு. அதை 30 ஆக்கலாமான்னு அடுத்த செவ்வாய்க்கிழமை கவுன்சில்ல பேசுறாங்க. விரிகுடா மறைஞ்சிடும்னு மேட்டுத் தெருக்காரங்க கையெழுத்து வாங்கிட்டு இருக்காங்க. நான் வலை கட்சி. நாலு வருசமா குளிருக்குப் போர்வை போத்தி வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டி போன சனிக்கிழமை ரெண்டாப் பொளந்து கிடந்துச்சு. பக்கத்துலயே சிவப்புக் கோடு போட்ட பந்து. பத்து நிமிசம் முன்னாடி வரைக்கும் என் பொண்ணு அங்கதான் உக்காந்து படம் வரைஞ்சிட்டு இருந்தா.

மேட்டுத்தெரு:
அந்தக் கையெழுத்துல ஒண்ணு என்னோடது. செடி போனது எனக்கும் வருத்தம்தான், இந்த ஊர்ல கறிவேப்பிலை வளர்க்கிற கஷ்டம் தெரியும். ஆனா 30 மீட்டர்னா பத்து மாடி உயரம். வரிசையா இரும்புத் தூண் வேற. ரேஞ்ச் இருக்கிறது தெரிஞ்சுதானே வீடு வாங்கினீங்க?

கறிவேப்பிலைத்தொட்டி:
கீழ இருக்கிறது நகராட்சி நிலம்னு தெரிஞ்சுதானே நீங்களும் வாங்கினீங்க? விரிகுடாவுக்கு யாரும் பட்டா எழுதித் தரலையே. கோல்ஃப் பந்து 45.93 கிராம் வரைக்கும் இருக்கலாம். நல்லா அடிக்கிறவன் டிரைவர்ல (தூரம் அடிக்கிற நீள மட்டை) அடிச்சா மணிக்கு 250 கி.மீ. வேகத்துல கிளம்பும். 140ல வர்ற கிரிக்கெட் பந்துல இருக்கிற சக்திக்குக் கிட்டத்தட்ட சமம். ஹெல்மெட் இல்லாம நிப்பீங்களா?

சிவில்மணி:
கணக்கு சரி, ஆனா அது மட்டையை விட்டுக் கிளம்புற நொடிக்கு மட்டும். காத்து பந்தைப் பிடிச்சு இழுத்து, கீழ விழும்போது வேகம் 110ஐ ஒட்டி வந்திடும். சக்தி வேகத்தோட வர்க்கம், அதனால ஐஞ்சுல ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவே மண்டையில பட்டா ஆஸ்பத்திரிதான். இருந்தாலும் கவுன்சில்ல கிரிக்கெட் உவமையைச் சொல்லாதீங்க, மாட்டிக்குவீங்க.

செலவைப் பத்தி ஒண்ணு. வலை மலிவு. காசு போறது தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும். உயரம் ரெண்டு மடங்கானா, காத்து தூணோட அடியை வளைக்கிற திருப்புத்திறன் நாலு மடங்கு. மேல போகப்போக காத்தும் பலம், அதனால நாலோடவும் நிக்காது.

சிபாக்காரன்:
ஜப்பான்ல இருந்து. 2019 செப்டம்பர் 9 விடியக்காலை ஃபக்சாய் புயல் அடிச்சப்போ, எங்க சிபா மாகாணத்து இச்சிஹாரால ஒரு ரேஞ்சோட இரும்புத் தூண் வரிசை அப்படியே பக்கத்து வீடுங்க மேல சாஞ்சிடுச்சு. சிபா நகரத்துல அன்னைக்கு நொடிக்கு 57.5 மீட்டர் காத்து. கூரை மேல கிடந்த தூண்களை எடுக்கவே பல வாரம் ஆச்சு.

மேட்டுத்தெரு:
இதைத்தான் நானும் சொல்றேன்!

சிபாக்காரன்:
அவசரப்படாதீங்க. அங்க புயலுக்கு முன்னாடி வலையை இறக்கல. இங்க எத்தனையோ ரேஞ்சுல காத்து வருதுன்னா முதல் வேலை அதுதான். ஏத்தி இறக்குற வலையா, இறக்க ஆள் யாருன்னு உங்க கவுன்சில்ல கேளுங்க. இன்னொண்ணு, கறுப்பு வலை கேளுங்க. பச்சை வெயில்ல மினுங்கும், கறுப்பு தூரத்துல கரைஞ்சிடும். ஆனா தூண் கரையாது, அது நிஜம். (வலையும் காட்சியும்னு வந்தா, 2024 மே மாசம் ஃபுஜிகாவாகுச்சிகோல டவுன் நிர்வாகமே ஃபுஜி மலையை மறைக்க 2.5 மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் திரை கட்டினாங்க, சுற்றுலாக் கூட்டம் தாங்காம. கட்டின கையோட ஓட்டை போட்டுட்டாங்க. ஆகஸ்ட்ல கழட்டியாச்சு.)

ஏழாம்நம்பர்அயர்ன்:
ரேஞ்சுல தினம் அடிக்கிறவன் பேசுறேன். தூரம் போகாத ரேஞ்ச் பந்தை வாங்கிப் போடட்டும், அந்த ஓரத்துல டிரைவரைத் தடை பண்ணட்டும். ஒரு தூண்கூட வேண்டாம். எனக்கு அந்தப் பந்து சுத்தமாப் பிடிக்காது, பஞ்சை அடிக்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் சொல்றேன்.

கறிவேப்பிலைத்தொட்டி:
டிரைவரைத் தடை பண்ணி போர்டு ஏற்கெனவே இருக்கு. ஒரு பய மதிக்கிறதில்ல. கேஸ் போட்டாத்தான் வழிக்கு வருவாங்க போல. மாசசூசெட்ஸ்ல ஒரு குடும்பம் கோல்ஃப் கிளப் மேல கேஸ் போட்டு 2021ல ஜூரி 35 லட்சம் டாலர், வட்டியோட கிட்டத்தட்ட 50 லட்சம், தரச் சொல்லுச்சே?

சிவில்மணி:
அடுத்த வருசம் டிசம்பர்ல மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணினதையும் சேர்த்துச் சொல்லுங்க. பத்திரத்துலயே நியாயமான அளவுக்குப் பந்து விழலாம்னு உரிமை இருந்ததை ஜூரிக்குச் சரியா விளக்கலைன்னு. உங்க வீட்டுப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் படிங்க.

அதை விடுங்க. உங்க வீட்ல பந்து எந்தப் பக்கமா வந்து விழுது?

கறிவேப்பிலைத்தொட்டி:
பத்திரம் பாக்கணும். பந்தெல்லாம் ஒரு பெயிண்ட் வாளியில போட்டு வச்சிருக்கேன். எங்க பொறுக்கினேன்னு யோசிச்சுப் பாத்தா முக்காவாசி வலது ஓரம்தான். பார்க்கிங் பக்கத்து மூலை, முதல் நாலு தூணுக்குள்ள. பின்பக்க வலையைத் தாண்டி வந்ததா ஒண்ணுகூட ஞாபகம் இல்ல.

சிவில்மணி:
அப்படித்தான் இருக்கணும். புதுசா ஆடுற வலதுகைக்காரங்க டிரைவர்ல அடிக்கிற பந்து வலது பக்கம் வெட்டிக்கிட்டுப் போகும். பந்து இன்னும் ஏறிக்கிட்டே இருக்கும்போது பக்கவாட்டு வலையைத் தாண்டிடுது. அப்போ எதுக்கு ரேஞ்சைச் சுத்தி 30 மீட்டர்? அந்த நாலு தூணை மட்டும் ஒசத்தி, வலது ஓரத்துல பந்து வச்சு அடிக்கிற பாயை எல்லாம் கொஞ்சம் இடது பக்கமாத் திருப்பிப் போட்டா உங்க பிரச்சினை பெரும்பாலும் முடிஞ்சது. இதை எழுதி வரைபடத்தோட கொடுங்க. வாளியையும் தூக்கிட்டுப் போங்க.

ஏழாம்நம்பர்அயர்ன்:
பாயைத் திருப்பினா நடுவுல நிக்கிறவன் பந்தும் என் பந்தும் மோதும். பரவால்ல, அடிச்சுக்கறோம்.

மேட்டுத்தெரு:
இருங்க. பார்க்கிங் பக்கத்து மூலையா? எங்க அடுக்களை ஜன்னல்ல இருந்து பாலம் தெரியறதே அந்த மூலை வழியாத்தான். மத்த பக்கம் மரம்.

கறிவேப்பிலைத்தொட்டி:
நாலே நாலு தூணுங்க.

மேட்டுத்தெரு:
எங்களுக்கு இருக்கிறதும் ஒரே ஒரு பாலம். சரி, செவ்வாய்க்கு முன்னாடி ஒரு நாள் வந்து ஜன்னல்ல நின்னு பாருங்க, எந்தத் தூண் எதை மறைக்குதுன்னு. அஞ்சு மணிக்குள்ள வாங்க, அதுக்கு மேல வெயில் கண்ணுல அடிக்கும்.