நண்டு கம்பெனி ஓ.டி. பாக்கி: ‘வெளியே சொல்லக் கூடாது’ பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி – மண்டபம்வாசி
மண்டபம் பக்கம் நண்டுச் சதை எடுக்கிற கம்பெனி, 14 பெண்கள். காலை 7 முதல் மாலை 7 வரை வேலை, சாப்பாட்டுக்கு 1 மணி நேரம், வாரம் 6 நாள். மாதச் சம்பளம் 13,000. 8 மாதமாக ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) தரவில்லை. இப்போது ஆளுக்கு 30,000 தருவதாகச் சொல்லி, “இனி எந்தப் பாக்கியும் இல்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன், சொன்னால் 1 லட்சம் தருகிறேன்” என்று பத்திரம் நீட்டுகிறார்கள். போடலாமா?

பதில் – கணக்குப்புள்ளி
முதலில் கணக்கு. 13,000-ஐ மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 500, அதை 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 62.50. ஓ.டி. இரட்டிப்பு, ஆக 125. வாரம் 66 மணி நேரத்தில் வழக்கமான 48 மணி நேரம் போக 18. வாரத்துக்கு 2,250. 34 வாரம் என்றாலே 76,500. 30,000 பாதிகூட இல்லை.

பதில் – பாம்பன் கரை
ரகசியம் காக்கிறேன் என்பது தவறில்லை அக்கா. “எந்தப் பாக்கியும் இல்லை” என்ற வரிதான் கண்ணி. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 (21.11.2025 முதல் நடப்பில்), பிரிவு 60: சட்டப்படி வரவேண்டியதை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. எத்தனை மணி நேரம் என்பதில் உண்மையான தகராறு இருந்தால்தான் சமரசத்துக்கு இடம். அந்த 1 லட்சமும் கம்பெனிக்கு அப்படியே கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி நியாயமான இழப்பீடு மட்டுமே. தொழிலாளர் துறை, கோர்ட், பி.எஃப்., வக்கீல் இவர்களிடம் சொல்வதற்கு ரகசிய ஷரத்து பொருந்தாது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

மண்டபம்வாசி
வருகைப் பதிவேட்டில் 8 மணி நேரம் என்றுதானே எழுதுகிறார்கள்?

பதில் – கணக்குப்புள்ளி
சதையை எடைபோட்டு எழுதுகிற சிட்டையில் நேரம் இருந்தால் படமெடுங்கள். “லோடு வருது, நில்லுங்க” என்ற வாட்ஸப் செய்திகளை அழிக்காதீர்கள். பாக்கியைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, ஊதியச் சட்டத் தொகுப்பு பிரிவு 59.

ராமநாதபுரம் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். 14 பேருக்கும் ஒரே மனு போதும், கெடு 3 ஆண்டு. அதிகாரி முன்னிலையில் நடக்கும் சமரசம் எல்லோரையும் கட்டும், தனியாகப் போடுவது கையெழுத்திட்டவரை மட்டும்.

பதில் – பாம்பன் கரை
பணம் தேவை என்று வாங்கியே ஆகவேண்டுமானால், வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து. பின்தேதியிட்ட செக் வேண்டாம். கையெழுத்துக்கு மேலே “பகுதித் தொகை பெற்றேன், மீதிக்கு உரிமை உண்டு” என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். பணிக்கொடை, பி.எஃப். அடக்கம் என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு இருதரப்பும் சுருக்கொப்பம் போடவேண்டும். நகல் கையில் வராமல் எழுந்திருக்காதீர்கள். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள்.