மாப்பசானிடம் பாதியா? அந்த அடிக்குறிப்பு எங்கே?

வண்ணார்பேட்டை:
நேற்று ஒரு மகானுபாவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "புதுமைப்பித்தன் கதைகளில் பாதி மாப்பசானிடம் களவாடியவை" என்கிறார். மாப்பசான் என்றால் அந்தப் பிரெஞ்சுச் சிறுகதைக்காரர்தான். பாதி! கிட்டத்தட்ட நூறு கதை எழுதியவர் அவர். இந்தப் புண்ணியவான் எண்ணிப் பார்த்தாரா, இல்லை காதில் விழுந்ததை வாந்தி எடுத்தாரா? 'துன்பக்கேணி'யின் மருதியை எந்தப் பிரெஞ்சுக்காரர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்? 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளித்த சேதி கேட்டு அகலிகை மறுபடியும் கல்லாகிறாளே, அது எந்தப் பாரிஸ் பத்திரிகையில் வந்தது? திருநெல்வேலி மண்ணில் பிறந்த ஒரு மேதையைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சமாவது நடுங்க வேண்டாமா?

பழம்பிரதி:
பாதி என்று எழுதியவர் நான் இல்லை. அந்தக் கணக்கு தப்புதான். ஆனால் ஒரே ஒரு கேள்வி. 'பயம்', 'கொலைகாரன் கை' முதலிய கதைகளுக்கு மூலம் மாப்பசான் என்று ஒரு வரி அடிக்குறிப்பு உண்டா? இதைச் சொல்வது அவருடைய எதிரிகள் அல்ல. அவருடைய வரலாற்றை எழுதிய ரகுநாதனே ஆறு கதைகளைத் தழுவல் என்று அடையாளம் காட்டியிருக்கிறார். காரை கிருஷ்ணமூர்த்தி மேலும் நான்கைச் சொன்னார். அடிக்குறிப்பு எங்கே?

வண்ணார்பேட்டை:
இருக்கிறதே! 'தமிழ் படித்த பெண்டாட்டி' கதையில் மாப்பசானைத் தழுவியது என்று குறிப்பு இருக்கிறது. மறைக்க நினைப்பவர் அதை மட்டும் ஏன் போடுகிறார்?

பழம்பிரதி:
மிக்க நன்றி, என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஒரு கதைக்குப் போடத் தெரிந்தவருக்கு மற்றவற்றுக்குப் போடவும் தெரிந்திருக்கும். தெரிந்தும் போடவில்லை. மறுபடியும் கேட்கிறேன், அடிக்குறிப்பு எங்கே?

கெடிலக்கரை:
நடுவில் ஒரு திருத்தம். "திருநெல்வேலி மண்ணில் பிறந்த" என்று மேலே ஒருவர் சத்தியம் செய்கிறார். புதுமைப்பித்தன், அதாவது சொ. விருத்தாசலம், பிறந்தது 1906 ஏப்ரல் 25, கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில். எங்கள் ஊர். பன்னிரண்டு வயது வரை இந்தப் பக்கத்து ஊர்களில்தான் வளர்ந்தார். ஆளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பிறப்பையாவது எங்களுக்கு விட்டு வையுங்கள்.

வண்ணார்பேட்டை:
தகப்பனார் உத்தியோக நிமித்தம் போன இடத்தில் பிள்ளை பிறந்தால் அது சொந்த ஊராகிவிடுமா? ரயிலில் பிறந்த குழந்தைக்கு ரயில்வேயா சொந்தம்? 1918இல் குடும்பம் ஊர் திரும்பியது. படித்தது நெல்லை இந்துக் கல்லூரியில், 1931இல் பி.ஏ. அவர் கதைகளில் பேசுவது தாமிரபரணித் தமிழ். உங்கள் கெடில ஆற்றங்கரைத் தமிழில் அவர் எழுதிய ஒரு வரியைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

கெடிலக்கரை:
பிறந்த ஊரைச் சொன்னேன், நீங்கள் தமிழைப் பற்றிப் பேசுகிறீர்கள். பதில் இல்லாதபோது எல்லாரும் இதைத்தான் செய்வார்கள்.

சிக்கரிக் காபி:
ஒரு சந்தேகம். தழுவல் என்றால் என்ன, மொழிபெயர்ப்பு என்றால் என்ன, திருட்டு என்றால் என்ன என்று யாராவது முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போட்டால் என்னைப் போன்றவர்களுக்கு வசதியாக இருக்கும்.

பழம்பிரதி:
அதெல்லாம் பேராசிரியர்களின் வேலை. எனக்கு வேண்டியது ஒரு வரி. இந்த மனிதர் சாதாரண ஆளாக இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். 'ரசமட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டு கல்கியை விரட்டி விரட்டி அடித்தவர் யார்? தழுவல் கூடாது, நேர் மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்று மேடை போட்டு வாதாடியவர் யார்? ஊருக்கு உபதேசம் செய்தவரிடம்தான் ரசீது கேட்கிறேன். மாப்பசான் என்று நான்கு எழுத்து... சரி, ஐந்து எழுத்து. அதை அச்சுக் கோக்க எவ்வளவு ஈயம் செலவாகியிருக்கும்?

வண்ணார்பேட்டை:
ஐயா, அந்தக் கதைகளை அவர் உயிரோடு இருந்தபோது வந்த எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. 1940இல் வந்த 'புதுமைப்பித்தன் கதைகள்' தொகுப்பைப் பாருங்கள். தன்னுடையது என்று அவர் உரிமை கொண்டாடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவர் கண்ணை மூடிய பிறகு பதிப்பாளர்கள் பழைய பத்திரிகைகளைத் துழாவி, கிடைத்ததையெல்லாம் அள்ளிப் புத்தகத்தில் கொட்டினார்கள். செத்தவர் எழுந்து வந்து அடிக்குறிப்பு போடுவாரா?

பழம்பிரதி:
பத்திரிகையில் வந்தபோது உயிரோடுதானே இருந்தார்? அப்போது எங்கே அடிக்குறிப்பு?

வண்ணார்பேட்டை:
1934ஆம் ஆண்டில் அவர் எழுதியது எவ்வளவு தெரியுமா? 'மணிக்கொடி' பத்திரிகைக்கு மட்டும் கதை மேல் கதை. சம்பளம் என்ற பெயருக்குக் கூடத் தகுதி இல்லாத காசு. பக்கம் காலியாக இருக்கிறது என்று அச்சகத்தில் ஆள் வந்து நின்றால் எழுதித்தான் தீர வேண்டும். தினமணியிலும் பிறகு 'தினசரி' நாளிதழிலும் வேலை பார்த்து, சினிமாவுக்குப் போய், படக் கம்பெனி தொடங்கி, பாகவதரின் 'ராஜமுக்தி'க்காகப் புனே போய், காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. இவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஈயக் கணக்குக் கேட்கிறீர்கள்.

பழம்பிரதி:
கண்ணீர் வருகிறது. அடிக்குறிப்பு வரவில்லை.

சிக்கரிக் காபி:
என் பங்குக்கு ஒன்று. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் ஹோட்டலில் கடவுள் காபியைக் குடித்துவிட்டு மெய்ம்மறந்து, நம்முடைய லீலை என்கிறார். பிள்ளைவாள் விடுவாரா? உம்முடைய லீலை இல்லை, ஹோட்டல்காரனுடைய லீலை, சிக்கரித்தூளைக் கலந்து வைத்திருக்கிறான் என்று காதோடு சொல்கிறார். அப்புறம் சாட்சாத் அந்தக் கடவுளிடமே தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கிறார், இருபத்தைந்து ரூபாய். அழிவில்லாதவரிடம் ஆயுள் சந்தா! இதற்கு மூலம் எந்த நாட்டில் இருக்கிறது, சொல்லுங்கள். காபியில் சிக்கரி கலந்தது உண்மைதான். டிகாக்‌ஷன் யாருடையது என்பதுதான் கேள்வி.

பழம்பிரதி:
அழகாக எழுதுகிறீர்கள். நானும் அந்தக் கதையை இருபது தடவை படித்தவன், அதன் பேரில் எந்த வழக்கும் இல்லை. ஹோட்டல்காரன் சிக்கரி கலந்ததை பிள்ளைவாள் போட்டுடைத்தாரே, அதைத்தான் நானும் செய்கிறேன். பலகையில் "சிக்கரி கலந்தது" என்று எழுதியிருக்க வேண்டும். அதாவது அடிக்குறிப்பு.

கெடிலக்கரை:
திருப்பாதிரிப்புலியூர் விஷயம் அப்படியே நிற்கிறது.

ஓலைக்கொட்டான்:
'செல்லம்மாள்' என்று ஒரு கதை இருக்கிறது. துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, இறந்துபோன மனைவியின் உடலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒப்பாரி இல்லை, வசனம் இல்லை. என் அம்மா காலமான வாரத்தில் அதைப் படித்தேன். நீங்கள் எல்லாரும் கதையைப் படிக்கிறீர்களா, கதைக்குக் கீழே இருக்கும் வெள்ளைத்தாளை மட்டும் படிக்கிறீர்களா?

பழம்பிரதி:
அம்மையீர், உங்கள் துக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதை பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் உள்ள கதைகளுக்கு யாரும் வாய் திறப்பதில்லை. அகலிகை, கந்தசாமிப் பிள்ளை, செல்லம்மாள் என்று நல்ல நல்ல ஆட்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். 'கொலைகாரன் கை'யை ஏற்றுங்கள் பார்ப்போம். நான் காய்தலும் உவத்தலும் இல்லாமல் கேட்பவன். இருபத்தைந்து வருடமாகப் பழைய இதழ்களைப் புரட்டித் தும்மிக்கொண்டிருப்பவன். நூலகத்தில் தொட்டால் உதிரும் தாளை எச்சில் தொடாமல் புரட்டக் கற்றுக்கொண்டவன்.

வண்ணார்பேட்டை:
காய்தல் உவத்தல் இல்லாதவரா? போன வருடம் எழுத்தாளர் கு.ப.ரா. பற்றிய பேச்சில் நான் உங்கள் தேதிப் பிழை ஒன்றைத் திருத்தினேன். அன்று முதல் நான் எதை எழுதினாலும் நீங்கள் குறுக்கே வருகிறீர்கள். இது அடிக்குறிப்பு வியாதி இல்லை, அடிபட்ட வியாதி.

பழம்பிரதி:
அது அச்சுப்பிழை. அன்றே சொன்னேன்.

வண்ணார்பேட்டை:
உங்களுக்கு வந்தால் அச்சுப்பிழை, புதுமைப்பித்தனுக்கு வந்தால் களவா?

பழம்பிரதி:
களவு என்ற சொல்லை நான் ஒரு தடவை கூடப் பயன்படுத்தவில்லை. மேலே போய்ப் படியுங்கள். அந்தச் சொல்லைக் கொண்டுவந்ததும் நீங்கள், சுமப்பதும் நீங்கள். நான் கேட்டது...

சிக்கரிக் காபி:
அடிக்குறிப்பு. தெரியும் ஐயா.

வண்ணார்பேட்டை:
2002இல் தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. நாட்டுடைமை ஆன பிறகு உங்களுக்கு எதற்கு ரசீது?

பழம்பிரதி:
மாப்பசானையும் சேர்த்தா நாட்டுடைமை ஆக்கினார்கள்? அண்ணாச்சி, ஒன்று சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் என்னிடம் வாங்கிப்போன அந்த முழுத் தொகுப்பை முதலில் திருப்பிக் கொடுங்கள். பக்க எண்ணோடு எழுத முடியாமல் தவிக்கிறேன்.

வண்ணார்பேட்டை:
தொகுப்பு பத்திரமாக இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் எல்லாப் பக்கத்திலும் "மூலம்?", "மூலம்?" என்று கிறுக்கி வைத்திருக்கிறீர்கள். அழித்துக்கொண்டிருக்கிறேன். 'கயிற்றரவு' வரை வந்தாயிற்று.

பழம்பிரதி:
ஐயோ, அழிக்காதீர்கள்! அது என் பத்து வருட உழைப்பு!

கெடிலக்கரை:
அந்தத் தொகுப்பின் முன்னுரையில் பிறந்த ஊர் என்ன என்று போட்டிருக்கிறது? அழிப்பதற்கு முன்னால் அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.