சதை டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்குள்ள: வயசானவங்களுக்குக் கேன்சர்னா எங்கெங்க தடங்கலாகுது? (அனுபவப் பகிர்வு)

ஈரோட்டிலிருந்து:
கேன்சரான்னு பார்க்கச் சதை எடுத்தா (பயாப்சி) ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமுங்க. அந்த நாளைச் சும்மா விட்டுடாதீங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அப்பவே முடிச்சிருங்க. வருச வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கோணும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போகோணும். காப்பீடு தர்ற 5 லட்சங்கறது மொத்தக் குடும்பத்துக்கு, ஆளுக்கு இல்லைங்க.

மாட்டிக்கிற இடம் ரேஷன் கார்டு. மகன் தனிக் கார்டு வாங்குறப்ப ஆத்தா பேரைப் பழசுல எடுத்திருப்பாங்க, புதுசுல ஏத்தியிருக்க மாட்டாங்க. முதல்ல பேரைச் சேருங்க. அடுத்தது கைரேகை. காலமெல்லாம் களை வெட்டி, பருத்தி எடுத்த விரலு. ரேகை தேஞ்சு மெசின்ல விழாது. ஆதார் மையத்துல ரேகை, கருவிழி ரெண்டையும் புதுப்பிச்சுட்டா அலைச்சல் மிச்சம்.

கைக்காசு கட்டி ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு அப்புறம் அட்டையை நீட்டினா, கட்டினது திரும்பாது. முன்அனுமதி வாங்கின பிறகுதான் திட்டத்துல ஏறும். சேர்க்கற அன்னைக்கே கவுண்டர்ல சொல்லீருங்க.

கோயமுத்தூரிலிருந்து:
கரண்ட்டு வைக்கிறதை, அதான் கதிர்வீச்சு சிகிச்சையைச் சொல்றேன். கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்குப் பெரும்பாலும் 25 தடவை, வாரம் 5 நாள். கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்து. அப்புறம் உள்ளே வைக்கிற கதிர்வீச்சு சில தடவை. மொத்தமும் 8 வாரத்துக்குள்ள முடியோணும். நடுவுல நோம்பி, கண்ணாலம்னு நாலு நாள் விட்டா கட்டிக்குத்தான் கொண்டாட்டம்.

வாய், தொண்டைன்னா 33–35 தடவை. ஆடுற பல், சொத்தைப் பல் இருந்தா முன்னாடியே புடுங்கி, புண் ஆற ரெண்டு வாரம் விடோணும். கரண்ட்டு வச்சதுக்கப்புறம் புடுங்கினா தாடை எலும்பே அழுகிப் போகலாம்.

உடம்புல மையில போட்ட கோடு அழியக் கூடாதுங்க. தண்ணி ஊத்தலாம், தேய்க்கக் கூடாது. விளக்கெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். மங்கிப் போச்சுன்னு வீட்டுல பேனாவை எடுத்து வரைஞ்சுறாதீங்க. அரை சென்டிமீட்டர் தள்ளினாலும் கதிர் நல்ல சதையில விழும். மெசின்காரங்ககிட்டச் சொன்னா அவங்களே போட்டுத் தருவாங்க.

தாராபுரத்திலிருந்து இங்க வர ஒரு வழிக்கே சுமார் 80 கிலோமீட்டர். 75 வயசு உடம்பு தினம் தாங்காது. "தடவையைக் குறைக்க முடியுங்களா?"ன்னு தயங்காமக் கேளுங்க. மார்புக்குப் பல பேருக்கு 25-க்குப் பதில் 15 போதும். எலும்புக்குப் பரவின வலிக்கு ஒரே தடவை 8 கிரே (கதிர் அளவு) வச்சாலும், பத்து தடவை வச்ச அளவுக்கு வலி குறையும். திரும்ப வைக்க வேண்டி வர்றது மட்டும் அதிகம்.

கோபியிலிருந்து:
2023 நவம்பர்ல வீடு தேடி அழைச்சுக் கேன்சர் இருக்கான்னு பரிசோதிக்கிற திட்டம் முதல்ல ஆரம்பிச்ச 4 மாவட்டத்துல ஈரோடும் ஒண்ணு. நல்ல திட்டம்தான். ஆனா கர்ப்பப்பை வாய்க்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கிற சோதனை, தீட்டு நின்னு வருசக்கணக்கான அம்மாக்களுக்குச் சரியாப் பிடிபடாது. பார்க்க வேண்டிய இடம் உள்ளே ஏறிக்கும். "ஒண்ணுமில்லை"ன்னு சீட்டு வந்திருந்தாலும், நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டா மகப்பேறு டாக்டர்கிட்டப் போயே ஆகோணும்.

பல்லடத்திலிருந்து:
கேன்சர் வலிக்குத் தர்ற மார்ஃபின் மாத்திரை சாதாரணமா 4 மணி நேரத்துக்கு ஒருக்கா. வலி வரட்டும்னு காத்திருந்து போடறதில்லை. மலச்சிக்கல் கட்டாயம் வருமுங்க, முதல் நாளே பேதி மருந்தும் சேர்த்து எழுதி வாங்குங்க. மலச்சிக்கலுக்குப் பயந்துதான் பாதிப் பெருசுக மாத்திரையை முந்தானையில முடிஞ்சு வச்சுக்குறாங்க.