செக்ரோல் மென்பொருள்: எதற்கு முதலில் டெஸ்ட் எழுதுவது?

ஹட்டன்_டெவ்:
தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவை, செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) இரண்டுக்குமான பழைய கோட் எங்கள் குழுவிடம் இருக்கிறது. கோடைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்றுமே இல்லை. டிடிடி முறைக்கு (முதலில் டெஸ்ட், பிறகு கோட் எழுதும் முறை) மாறினால் பயன் உண்டு என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கா அண்ணாமார்?

பண்டாரவளை_கியூஏ:
இருக்கு. மைக்ரோசொப்ட், ஐபிஎம் குழுக்களில் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. டிடிடி இல்லாத ஒத்த புரொஜெக்ட்களை விட பிழை அடர்த்தி (கோடின் அளவுக்கு எத்தனை பிழை என்பது) 40 - 90 சதவீதம் குறைவு, ஆரம்ப வேலைநேரம் 15 - 35 சதவீதம் கூடுதல். ஆனால் நேரக்கணக்கு மேலாளர்களின் மதிப்பீடுதான். டெஸ்ட் இல்லாத பழைய கோடுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தாதீங்க.

தலவாக்கலை_கோடர்:
தம்பி, முதலில் டெஸ்ட் எழுத வேண்டிய இடத்தைத் தெரிவு செய்ங்க. விண்டோஸ் சர்வர் 2003ஐ வைத்து நாகப்பன், போல் (Ball) என்ற ஆய்வாளர்கள் 2005இல் காட்டியது இதுதான்: மாறிய வரிகளின் வெறும் எண்ணிக்கை பிழையைச் சரியாக ஊகிக்காது, கோப்பின் அளவால் வகுத்தால் ஊகிக்கும். கிட் (கோட் மாற்றங்களைப் பதியும் கருவி) வரலாற்றில் ஒரு வருடத்தை எடுத்து, ஒவ்வொரு கோப்பிலும் மாறிய வரிகளை அதன் அளவால் வகுங்க. ஃபோர்மட்டர் (கோடின் தோற்றத்தை மட்டும் ஒழுங்காக்கும் கருவி) ஓட்டிய கொமிட்களை, அதாவது அந்த மாற்றப் பதிவுகளை, நீக்காவிட்டால் கணக்கே பிழையாகிவிடும்.

இந்த விகிதம் கூடிய கோப்புகளுக்கு, போன மாத நிறுவைப் பதிவுகளை உள்ளிட்டு, கோட் இன்று தரும் விடையை டெஸ்ட்டின் எதிர்பார்ப்பாகப் பூட்டுங்க. பழைய பிழையும் சேர்ந்து பூட்டுப்படும், அதனால் தோட்டக் கிளாக்கரிடம் (எழுதுவினைஞர்) காட்டிச் சரிபாருங்க. சாக்கு நிறை கழிக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்க: ஒவ்வொரு நிறுவையிலும் கிலோவுக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் நாள் மொத்தம் குறைந்து, முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேராகிவிடலாம். கிராமில் முழு எண்ணாக வைத்து, கடைசியில் ஒருமுறை மட்டும் முழுமையாக்குங்க.